மூன்று நாள் ஒதுக்குங்கள்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திரைப்படச் சங்க நண்பர்களுக்கும் திரைப்பட விழா நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அர்ஜென்டினா இயக்குநர் மரியானோ யினாஸ் எடுத்த ‘லா ஃப்ளோர்’ படத்தை ஒரு காட்சிகூட வெட்டாமல், நல்ல அரங்கில் முழுசாகத் திரையிடுங்கள். படம் 13 மணி நேரத்துக்கும் மேல் ஓடும். இதைக் கேட்டதும், “நல்ல படம்தான், ஆனால் யார் சார் உட்காருவார்கள்?” என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

படம் தொடங்கும்போது யினாஸ் தானே வருகிறார். சாலையோரத்தில் ஒரு மேசை. அதில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டுக் காட்டுகிறார். மொத்தம் ஆறு கதை. முதல் நான்கும் தொடங்கும், ஆனால் முடியாது. ஐந்தாவது தொடங்கி முடியும். ஆறாவது நடுவிலிருந்து தொடங்கி முடியும். நான்கு கதைக்கு மேலே போகும் நான்கு அம்புகள், ஐந்தாவதற்கு ஒரு வட்டம், ஆறாவதற்குக் கீழே இறங்கும் ஒரு கோடு. வரைந்து முடித்தால் தாளில் ஒரு பூ. படத்தின் பெயரும் அதுதான். முடிவு இல்லாத கதைகளைத்தான் பார்க்கப் போகிறீர்கள் என்று முதல் சில நிமிடங்களிலேயே நேருக்கு நேர் சொல்லிவிடும் இயக்குநர் எத்தனை பேர்? புதிர் போட்டு ஆளை உட்கார வைக்கும் வேலை இங்கே இல்லை. எனக்கு அந்த நேர்மை முதலில் பிடித்தது.

முதல் கதை பழைய மலிவு விலைப் பேய்ப் படங்களின் பாணி. ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக்கூடம், அங்கே வந்து சேரும் ஒரு மம்மி, அதன் சாபம். இரண்டாவது, பிரிந்துபோன பாடகர் ஜோடியின் காதல் சண்டை. அதற்குள்ளேயே தேள் விஷத்திலிருந்து இளமை மருந்து தேடும் ஒரு ரகசியக் கூட்டம். மூன்றாவது, 1980களின் உளவாளிப் படம். நான்காவதில் படம் எடுக்கிறவர்களே கதைக்குள் வந்துவிடுகிறார்கள். ஐந்தாவது, பிரெஞ்சு மேதை ழான் ரெனுவாரின் 1936ஆம் ஆண்டுப் படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையில், ஏறக்குறைய மௌனமாக மறுபடி எடுத்தது. ஆறாவது, 19ஆம் நூற்றாண்டில் பழங்குடிகளிடம் சிறைப்பட்டிருந்து பாலைவெளி வழியே திரும்பி வரும் பெண்கள்.

ஆறுக்கும் ஆறு நடை. நம் படங்களிலும் பாட்டு, சண்டை, சிரிப்பு, அழுகை எல்லாம் உண்டே என்று நீங்கள் சொல்லலாம். உண்டுதான். நாம் எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் போட்டுக் கலக்குகிறோம். யினாஸ் கலக்கவே இல்லை. பேய்ப் படம் என்றால் பேய்ப் படத்துக்குரிய விளக்கொளி, இசை, கேமரா நடை எல்லாவற்றோடும் முழு மரியாதை. கிண்டல் கிடையாது. அடுத்த கதைக்குப் போனால் இன்னொரு ஆள் எடுத்த மாதிரி இருக்கும்.

இங்கேதான் நம் பார்வையாளர்கள் மேல் எனக்கு நம்பிக்கை வருகிறது. இன்டர்வெல் பிளாக் என்றால் என்னவென்று தமிழ் ரசிகனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கதை உச்சத்துக்குப் போகும் இடம் பார்த்து ‘இடைவேளை’ என்று எழுத்து விழும். விளக்கு எரியும். வெளியே போய் டீ குடித்தபடி, ‘இனி என்ன ஆகும்’ என்று பேசுவோம். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆளுக்கொரு படத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறோம். சில சமயம் இரண்டாம் பாதியைவிட அது நன்றாக இருக்கும். ‘லா ஃப்ளோர்’ முதல் நான்கு கதைகளையும் சரியாக அந்த இடத்தில் நிறுத்துகிறது. இரண்டாம் பாதி நம் பொறுப்பு. இப்படி ஒரு படத்தை இடைவேளை பழக்கம் அவ்வளவாக இல்லாத ஐரோப்பிய ரசிகர்களைவிட நம்மவர்கள் லகுவாக எடுத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன்.

ஐந்தாவது கதையைத் தவிர எல்லாக் கதைகளையும் தாங்குகிறவர்கள் ஒரே நான்கு பெண்கள்: எலிசா கரிகாஹோ, வலேரியா கொர்ரெயா, பிலார் கம்போவா, லௌரா பரெதெஸ். நால்வரும் புவனோஸ் ஐரிஸில் ‘பியெல் தே லாவா’ என்ற நாடகக் குழுவை நடத்துகிறவர்கள். நாடகத்தைத் தாங்களே எழுதி, இயக்கி, நடிக்கிறவர்கள். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளிகளாக நால்வரும் ஆண் வேடம் போட்ட நாடகம் ஒன்றும் உண்டு. யினாஸ் இவர்களை மேடையில் பார்த்து, இவர்களுக்காகவே ஒரு படம் செய்ய முடிவெடுத்தார். அந்தப் படம் முடியச் சுமார் பத்து ஆண்டு ஆயிற்று.

இதன் பலனைத் திரையில் பார்க்க வேண்டும். இரண்டாவது கதையில் பிலார் கம்போவா பாடகி விக்டோரியா. வாய் ஓயாத பெண். கோபத்தைப் பாட்டிலேயே கொட்டுகிறவர். பதிவுக்கூடத்தில் அவர் பாடும் காட்சியில் யினாஸின் கேமரா முகத்தை விட்டு நகர மறுக்கிறது. பின்னணி முழுக்க மங்கல். மூக்கும் கண்ணும் மட்டும் கூர்மை. கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் அந்தக் கூர்மையும் போய்விடும், பிறகு திரும்பி வரும். பாட்டு ஏறுவதும் முகம் இறுகுவதும் ஒன்றாக நடக்கும். அடுத்த கதையில் அதே கம்போவா பேச்சே வராத உளவாளி. ஒரு சொல் கிடையாது. முதல் நாள் மாலை அவர் குரலைக் கேட்டுவிட்டு, மறுநாள் அரங்கில் உட்கார்ந்து அவர் மௌனத்தைப் பார்க்கும்போது அந்த மௌனத்துக்கு எடை கூடிவிடுகிறது. கதைகளைத் தனித்தனியாகக் கத்தரித்து, ‘இந்த வாரம் மூன்றாவது கதை மட்டும்’ என்று போட்டால் இது கிடைக்காது. நீளம் என்று நாம் பயப்படுவதுதான் இங்கே நடிப்பின் பாதி வேலையைச் செய்கிறது.

அந்த உளவாளிக் கதை மட்டுமே ஐந்து மணி நேரத்துக்கு மேல். கடத்தி வரப்பட்ட ஒரு விஞ்ஞானி, அவரைக் காக்கும் நான்கு பெண் உளவாளிகள். அவர்களைத் தீர்த்துக்கட்ட அவர்களுடைய தலைமையே இன்னொரு நான்கு பேரை அனுப்புகிறது. விடிந்தால் சாவு வரலாம் என்ற நிலையில், ஒவ்வொருத்தியும் எங்கிருந்து வந்தவள் என்று கதை பின்னால் போகிறது. கண்டம் விட்டுக் கண்டம், மொழி விட்டு மொழி. கதைசொல்லியின் குரல் நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. அதில் ஒரு காதல் கதை வருகிறது. கொலைத் தொழிலில் இருக்கும் இருவர் வேலை நிமித்தம் ஒன்றாக இருக்கிறார்கள். இருவருக்கும் காதல். இருவரும் கடைசிவரை சொல்வதில்லை. அடுத்த அறையில் மற்றவர் இருக்கிறார் என்பது மட்டுமே அவர்களுக்கு நடக்கும் சம்பவம். நான் பார்த்த காதல் படங்களில் இதைவிட மேலானது மிகக் குறைவு. இரண்டு மணி நேரப் படத்தில் இந்தப் பகுதியை வைத்தால் தயாரிப்பாளர் முதல் வேலையாக வெட்டச் சொல்வார். ‘கதை நகரவில்லை’ என்பார். நகராமல் நிற்பதற்கு இடம் வேண்டுமென்றால் படம் நீளமாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். மம்மி கதை மற்றவற்றோடு பார்த்தால் மெலிந்தது. நான்காவது கதையின் முற்பகுதி பொறுமையைச் சோதிக்கும்: படத்துக்குள் வரும் இயக்குநர் நடிகைகளோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போய், பூத்த மரங்களைப் படம் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார். மரம், மறுபடி மரம். அப்புறம் சூனியக்காரிகள், காதல் லீலைகளுக்குப் பெயர்போன காசனோவா, காணாமல் போனவர்களைத் தேடி வரும் ஒரு துப்பறிவாளர் என்று கதை எங்கெங்கோ போகிறது. ஆனால் அந்தக் கதையின் கடைசியில், ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சேர்த்த அந்த நால்வரின் முகங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சிரிக்கிறார்கள், வேறெங்கோ பார்க்கிறார்கள், சும்மா இருக்கிறார்கள். அவ்வளவு நேரம் அவர்களோடு வாழ்ந்த பிறகு பார்ப்பதால்தான் தொண்டை அடைக்கிறது. யூடியூபில் அந்தத் துண்டை மட்டும் பார்க்கிறவருக்கு அது நான்கு பெண்களின் முகம், அவ்வளவுதான்.

ஐந்தாவதில் அந்த நால்வரும் இல்லை. சிலருக்கு அது பிடிப்பதில்லை. எனக்கு அந்த இல்லாமையே பிடித்தது. அதில் விமானங்கள் வானத்தில் வளையமிட்டுப் பறக்கும் ஒரு நீண்ட காட்சி வரும். அதன் மேல் ரெனுவார் படத்தின் பழைய ஒலி ஒலிக்கும். ஆறாவது கதை இருட்டறையின் சிறு துளை வழியே விழும் பிம்பத்தைப் படமெடுத்தது போன்ற பழங்கால முறையில், அழுக்கும் ஒளியும் கலந்து, எழுத்து அட்டைகளோடு வசனமே இல்லாமல் போகிறது. பிறகு டைட்டில் ஓடுகிறது, சுமார் 40 நிமிடம். தலைகீழான சட்டகத்தில் படக்குழு சாமான்களை மூட்டை கட்டுகிறது, நடமாடுகிறது, கிளம்புகிறது. பத்து வருட வேலை முடிந்து கலைகிற கூட்டம். அந்த 40 நிமிடமும் படம்தான். தயவுசெய்து விளக்கைப் போடாதீர்கள்.

இதை வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். நான் போன ஒரு விழாவில், பெயர் வேண்டாம், நீளமான படம் ஒன்றைக் காலையில் சின்ன அரங்கில் போட்டார்கள். இடைவேளை எப்போது என்று வாசலில் நின்றவருக்கே தெரியவில்லை. இயக்குநர் குறித்திருந்த இடத்தை விட்டுவிட்டு ஒரு காட்சியின் நடுவில் விளக்கு எரிந்தது. கடைசியில் டைட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து அடுத்த படத்து வரிசையை உள்ளே விட்டார்கள். பாதி இருக்கை காலி என்று பிறகு வருத்தப்பட்டார்கள். அப்படிப் போட்டால் இருப்பவரும் போய்விடுவார். ஹங்கேரி இயக்குநர் பெலா தாரின் ஏழு மணி நேரத்துக்கு மேற்பட்ட ‘சாத்தான்டாங்கோ’வாக இருந்தாலும், பிரெஞ்சு இயக்குநர் ரிவெட்டின் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டும் ‘அவுட் 1’ ஆக இருந்தாலும் இதே கதிதான் ஆகும். குறை படத்தின் நீளத்தில் இல்லை.

இன்னொன்று, அதை ஒரு சாதனைப் பந்தயமாக விளம்பரம் செய்வது. ‘உங்களால் தாக்குப்பிடிக்க முடியுமா?’ என்று போஸ்டர் அடித்தால் படம் பார்க்க வருகிறவன் வர மாட்டான். சர்டிபிகேட் வாங்க வருகிறவன் வருவான். ‘லா ஃப்ளோர்’ தண்டனை இல்லை. நல்ல தொடர்கதை படிக்கிற சுகம் அதில் இருக்கிறது. அர்ஜென்டினாவில் எடுத்த மிக நீளமான படம் என்ற பேச்சைவிட, அது எவ்வளவு சுவாரசியம் என்ற பேச்சை முன்னால் வையுங்கள்.

எப்படிப் போடலாம்? இதில் நாமாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. படமே மூன்று பகுதி. 2018இல் புவனோஸ் ஐரிஸின் சுயாதீனத் திரைப்பட விழாவில் சர்வதேசப் போட்டியில் சிறந்த படமாகத் தேர்வானது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவின் போட்டியிலும் இருந்தது. 2019இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் அதை நான்காகப் பிரித்துப் போட்டார்கள். எங்கேயும் ஒரே மூச்சில் பார்த்தாக வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நமக்கு வெள்ளி, சனி, ஞாயிறு பொருந்தும். வெள்ளி மாலை முதல் இரண்டு கதைகள். அலுவலகம் விட்டு வருகிறவர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் அளவுதான். சனிக்கிழமை முழுக்க உளவாளிகள். ஞாயிறு மற்ற மூன்றும். மூன்று நாளுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. நேரத்தை முன்கூட்டியே அச்சடித்துக் கையில் கொடுங்கள்: இடைவேளை இத்தனை மணிக்கு, சாப்பாடு இத்தனை மணிக்கு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாமா கூடாதா. வெளியூரிலிருந்து வருகிறவருக்கும், தனியாக வரும் பெண்களுக்கும் இந்த ஒரு தாள் பெரிய ஒத்தாசை. சனி, ஞாயிறு மதியச் சாப்பாட்டை அரங்கிலேயே ஏற்பாடு செய்தால் கூட்டம் சிதறாது. பேச்சும் அங்கேயே நடக்கும். தூக்கம் வந்தால் தூங்கட்டும், யாரும் எழுப்ப வேண்டாம்.

கஷ்டமான வேலை சப்டைட்டில். ஸ்பானிய விவரிப்பு நீளம் நீளமாக வரும். உளவாளிக் கதையில் பல மொழி. ஆங்கில சப்டைட்டில் வேகமாக ஓடும்போது, ஆங்கிலம் சரளமாகப் படிக்க வராதவர் முகத்தைப் பார்ப்பதா எழுத்தைப் பார்ப்பதா என்று தவிக்கிறார். இந்தப் படத்தில் முகத்தை விட்டால் எல்லாம் போச்சு. அதனால் தமிழ் சப்டைட்டில் வேண்டும். ஸ்பானிஷ் படித்த தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். கதைக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஆள் முழுசையும் படித்துத் திருத்தினால் ஆகும். ஒரு வரியில் என்ன சுருக்கலாம், எதை விடக் கூடாது என்று உட்கார்ந்து பேசுவதே சங்க உறுப்பினர்களுக்கு ஒரு சினிமாப் பயிற்சி.

திருட்டுப் பிரதி வேண்டாம். இதை எடுத்த ‘எல் பம்பேரோ சினே’ ஒரு பெரிய கம்பெனி இல்லை. 2002இல் தொடங்கிய சின்னக் கூட்டு. யினாஸ், லௌரா சித்தரெய்யா, அகுஸ்தின் மெந்திலஹார்சு, அலெஹோ மொகிஷான்ஸ்கி என்று நான்கு பேர் நடத்தியது. ஒருவர் படத்துக்கு இன்னொருவர் தயாரிப்பு, இன்னொருவர் கேமரா. ‘லா ஃப்ளோர்’ படத்தைத் தயாரித்த சித்தரெய்யாதான் பின்னால் 2022இல் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ‘திரெங்கே லௌக்கென்’ படத்தை இயக்கினார். அர்ஜென்டினாவின் அரசுத் திரைப்பட நிறுவனத்தின் மானியத்தை எதிர்பார்க்காமல், சின்னக் குழுவாக, பணம் வரும்போது எடுத்து, தீர்ந்தால் நிறுத்தி, மறுபடி எடுத்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு நேராக எழுதி, அனுமதி கேட்டு, கட்டணம் கட்டிப் போடுவதுதான் முறை.

இந்த வேலைமுறைக்காகவும் இங்கே இது திரையிடப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். கையில் ஒரு கேமராவை வைத்துக்கொண்டு, தயாரிப்பாளர் எப்போது கூப்பிடுவார் என்று காத்திருக்கிற குறும்பட இளைஞர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களிடம் போய், நான்கு நடிகைகள், ஒரு சின்னக் குழு, பத்து வருடம், அதில் வந்தது இது என்று காட்டுங்கள். அந்தக் குழு ஆளுக்கு ஒரு படம் எடுத்து ஓடிப்போகவில்லை. சேர்ந்தே இருந்தது. நாடகக்காரர்களையும் சினிமாக்காரர்களையும் ஒரே அரங்கில் உட்கார வைக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. உங்கள் ஊர் நவீன நாடகக் குழுக்களையும் கூத்துப்பட்டறைகளையும் அழையுங்கள், முதல் வரிசை அவர்களுக்கு.

செலவு ஆகும், தெரியும். மூன்று நாள் அரங்க வாடகை, உரிமைக் கட்டணம், ஆள். கல்லூரி அரங்கம் ஒன்றைப் பிடித்தால் வாடகை குறையும். பக்கத்து ஊர்ச் சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்தால் சுமை பிரியும். ஆனால் மதிய வெயிலில் வெளிச்சம் உள்ளே வரும் வகுப்பறையில் மட்டும் வேண்டாம். மங்கலும் கூர்மையுமாக எடுத்த படம் இது, நல்ல இருட்டு கேட்கும். வெள்ளி மாலை நூறு பேர் வந்து ஞாயிறு இரவு நாற்பது பேர் மிஞ்சினாலும் அதைத் தோல்வி என்று எழுதாதீர்கள். மூன்று நாள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்த நாற்பது பேர் உங்கள் சங்கத்தை அடுத்த பத்து வருடம் தாங்குவார்கள்.

அடுத்த ஆண்டுத் திரையிடல் பட்டியல் போட உட்காரும்போது இதையும் பேசுங்கள். சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறையாக வரும் வாரமாகப் பாருங்கள். பொங்கல், தீபாவளி வேண்டாம், எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். சப்டைட்டில் குழுவில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கதையின் பாட்டுகளை எனக்குக் கொடுத்தால் சந்தோஷப்படுவேன்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் ஒரு பார்வையாளர்